உச்சி வெயிலில் மட்டும் வாடும் கொல்லை

வணக்கம் சொல்வதற்கு முன்னால், மேடை ஏறும்போது கண்ணில் பட்ட ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் கழற்றி மேசைமேல் வைத்த ரோஜா மாலை தொய்ந்து கிடக்கிறது. சின்னதுரை அண்ணன் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு பூவும் நிமிரவில்லை.

அவைக்குத் தலைமை ஏற்று, காலையிலிருந்து வியர்வை துடைத்தபடி வீற்றிருக்கும் உழவர் குழுத் தலைவர் தேவநாதன் பெரியப்பா அவர்களே! படம் பிடித்தே பயிருக்கு நாடி பார்க்கும் கைப்பேசி வைத்தியர் ராஜ்குமார் மாமா அவர்களே! ஊருக்கு மூத்த பெரியோர்களே! முந்தானையால் விசிறிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் அம்மா அம்சாவே! நாளைக் காலை எங்கள் கொல்லையை உழுது போடுவதற்காகப் பந்தலுக்குப் பின்னால் காத்து நிற்கும் டிராக்டரே! எல்லாருக்கும் வணக்கம்.

நான் இளவரசி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். நன்றியுரை சொல்ல வேண்டிய கலைப்பிரியா அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னை ஏற்றிவிட்டார்கள். “ரெண்டு வார்த்த சொல்லிட்டு ஜல்தியா எறங்கிடு புள்ள, தீர்மானத்துக்குக் கை தூக்கணும்” என்றார் பெரியப்பா. பெரியவர் சொல்லைத் தட்டமாட்டேன். இரண்டே வார்த்தைதான் பேசப்போகிறேன். ஒன்று, வில்ட். இன்னொன்று, ட்ரூப்.

இன்னா சின்னதுரை அண்ணே? தலையை நிமிர்த்திப் பேச வேண்டுமா? குரல் கேட்கிறதா, இல்லையா? கேட்டால் போதும். தலை இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

தீர்மானம் என்ன என்று பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். பெருமுக்கல் சாலை ஓரம் அம்சா குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் தர்பூசணிக் கொடிகளுக்கு வில்ட் என்னும் வாடல் நோய் வந்துவிட்டதாம். எங்கள் கொல்லை மேட்டில் இருக்கிறது. உங்கள் கொல்லைகள் பள்ளத்தில் இருக்கின்றன. தண்ணீரோடு நோயும் இறங்கி வருமாம். ஆகவே கொடியையெல்லாம் அழித்துவிட வேண்டுமாம். பிஞ்சுகள் தேங்காய் அளவுக்கு உருண்டுவிட்டன, தாய்மார்களே! இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வேறு பயிர் கிடையாது.

இந்த நோயை யார் கண்டுபிடித்தார்? மருத்துவர் கண்டுபிடித்தாரா? மண் கண்டுபிடித்ததா? மாமாவின் கைப்பேசி கண்டுபிடித்தது! உச்சி வெயிலில் எங்கள் வரப்பில் நின்று ஒரு படம் எடுத்தார். கைப்பேசியில் இருக்கும் செயலி கண நேரத்தில் “வில்ட்” என்றது. அவ்வளவுதான். டீக்கடையில் வில்ட்! ரேஷன் கடையில் வில்ட்! கோயில் வாசலில் வில்ட்! “அம்சா கொல்லையில வில்ட்டாமே, அந்தப் பக்கமா வராத, காத்துல ஒட்டிக்கினு வந்துடும்” என்று பாஞ்சாலி அக்கா தன் ஆட்டைக்கூட எங்கள் வரப்பில் மேயவிடவில்லை. கோபிக்காதே அக்கா, ஆடு மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மேய்ந்துவிட்டுத்தான் போனது. அதற்கு ஆங்கிலம் தெரியவில்லை.

வேளாண்மை அலுவலர் தமிழ்ச்செல்வி மேடம் திண்டிவனத்தில் இருக்கிறார். அவருக்கும் அந்தப் படம் போனது. அவர் உடனே கூப்பிட்டார். மாமா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டார். நீங்களெல்லாம் எங்கள் வரப்பில் சுற்றி நின்றீர்கள். நானும் அம்மாவோடு ஓரமாக நின்றேன்.

“சார், இது வில்ட்டா இல்ல ட்ரூப்பானு ஒரு படத்த வச்சு சொல்ல முடியாது. சாயந்திரம் எப்படி இருக்கு?” என்று கேட்டார் அவர்.

“மேடம், ரெண்டும் தொங்குறதுதானே?”

“இல்லைங்க. ட்ரூப்னா வெயிலுக்குத் தலை சாயறது. வெயில் எறங்கினா தானா நிமிந்துடும். வில்ட்டுன்னா உள்ளயே தண்ணி ஏறாம சாவறது. சாயந்திரமானாலும் நிமிராது, தண்ணி ஊத்தினாலும் நிமிராது. தண்ட அறுத்துப் பாருங்க, உள்ள பழுப்பா இருக்கா?”

மாமா ஒரு கொடியை அறுத்தார். உள்ளே வெள்ளரிப் பிஞ்சு போல வெள்ளையாக இருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள்? “இப்பதானே ஆரம்பம், போகப் போகப் பழுப்பாயிடும்” என்றீர்கள்! வெள்ளையாக இருந்தாலும் நோய், பழுப்பாக இருந்தாலும் நோய் என்றால், எதற்கு அறுத்தீர்கள்? ஏன் அந்தக் கொடியைக் கொன்றீர்கள்?

“சாயந்திரம் பாருங்க, காலையில பாருங்க, ரெண்டையும் எனக்கு அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். “அந்தம்மா ஆபீஸ்ல ஃபேன் கீழ குந்திக்கினு சொல்லுது, நம்ம பேஜாரு அதுக்கு இன்னா தெரியும்” என்று நீங்களும் கலைந்துவிட்டீர்கள்.

சரி, சாயந்திரம் யார் போய்ப் பார்த்தது? கை தூக்குங்கள். தீர்மானத்துக்குத் தூக்கப்போகும் அதே கையை இப்போது கொஞ்சம் தூக்குங்கள், பார்ப்போம்!

ஒருவர்கூட இல்லையா?

இருக்காது. ஏன் இருக்காது என்று நான் சொல்கிறேன். நம் பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வருகிறது? உச்சி வேளையில் வருகிறது. கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால் மனிதர் வருவார். மோட்டார் நின்றால் மனிதரும் நின்றுவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்த ஊரில் பயிரைப் பார்க்க வருகிறவர் எவரும் இல்லை. மோட்டாரைப் பார்க்க வருகிறவர்தான் எல்லாரும்! அனல் அடிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு செடியை வந்து பார்த்துவிட்டு, அது எப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்று அளந்துவிடுகிறீர்கள். உங்களை ஒருவர் உச்சி வெயிலில் மட்டும் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? வாய் பிளந்து, வேட்டி அவிழ்ந்து, வேப்பமரத்தடியில் கிடக்கிறீர்களே, உங்களுக்கும் வில்ட் என்று சொல்லி டிராக்டர் ஏற்றலாமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் அம்மா சிரிக்கவில்லை.

மாட்டுக்குப் புல் அறுக்க நான் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் கொல்லைக்குப் போகிறவள். மேட்டுச் சரளை மண் சீக்கிரம் சுடும். அதனால் எங்கள் கொடி உங்கள் கொடிக்கு முன்பே தலையைத் தொங்கப்போடும். வெயில் இறங்க இறங்க ஓர் இலை எழும். பிறகு பக்கத்து இலை எழும். பிறகு கொல்லையே எழுந்து உட்காரும். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் வீட்டு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன்.

“சாயந்திரமா ஒரு வாட்டி வந்து பாருங்க மாமா.”

“சாயந்திரம் கரண்டே இல்ல, கொல்லையில எனக்கு இன்னா வேல? நீ போயி மாட்டப் பாரு.”

மாமா, அந்தப் பதிலுக்கு ஒரு சபாஷ்! கரண்ட் இல்லாத நேரத்தில் கொல்லை இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது!

வில்ட் எது, இப்போது நான் காட்டட்டுமா? அதோ, மேசைமேல் இருக்கிறது. சின்னதுரை அண்ணே, தெளித்தது போதும். வேரை விட்டு வந்த ரோஜா குளத்தையே குடித்தாலும் நிமிராது. ஆனால் வேர் உள்ளது தலை சாய்க்கும். நேரம் வந்தால் நிமிரும். தலை சாய்வது தாங்குவதற்கு. வாடிப்போவது தாங்க முடியாமல். தலை சாய்ந்ததையெல்லாம் செத்தது என்று சொல்லும் ஊரில் சாயாமல் நிற்பது எது? மோட்டார் ரூமும் மின்கம்பமும்தான்! அவற்றைப் பயிர் செய்யுங்கள். அறுவடை செய்யுங்கள். லாரியில் ஏற்றிக் கோயம்பேட்டுக்கு அனுப்புங்கள்!

நோயே வராது என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே வரலாம். வந்தால் நானே முதல் கொடியைப் பிடுங்குவேன். வந்ததா என்று பார்க்காமல் பிடுங்குவதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை அல்ல, பெரியப்பா. சோம்பேறித்தனம். நடந்து போய்ப் பார்ப்பதைவிட டிராக்டர் விடுவது சுலபம்!

நேரமாகிவிட்டது என்று பெரியப்பா கை காட்டுகிறார். முடிக்கிறேன்.

பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. ஒலிபெருக்கி கட்டிய தம்பிகளுக்கு நன்றி. கொல்லையைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிய பெரியோர்களுக்கு மிக்க நன்றி. கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டு, உங்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்ட தமிழ்ச்செல்வி மேடத்துக்கு, உங்கள் சார்பில் இல்லை, என் சார்பில் நன்றி.

பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டுவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. எங்கள் கொல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு முன்னால் கால்கள் அதுவரை நடக்கட்டும். மாமா, நீங்களும் வாருங்கள். கைப்பேசியையும் கொண்டு வாருங்கள். இந்த நேரத்தில் ஒரு படம் எடுங்கள். வருகிறவர்கள் வரப்பிலேயே நடந்து வாருங்கள், கொடியை மிதிக்காதீர்கள். அனைவருக்கும் வணக்கம்.

அம்மா, எழுந்திரு. நாம முன்னால நடப்போம். நான் இறங்கி வர்றேன்.