மீசை வரைந்த கொட்டாங்குச்சி

மழை வருவதற்கு முந்தைய நாளே என் வலது மணிக்கட்டு சொல்லிவிடும். உள்ளே ஊசி ஏற்றியதுபோல வலிக்கும். இருபது வருடமாகத் தேங்காய்ப்பால் பிழிகிற கை. கையெழுத்துக் கோணலாக விழுந்தால் வலியால் என்று எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. பயத்தால் அல்ல.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் செய்தது புரியாது.

வாங்குகிற காயில் பாதி பாலுக்கு, பாதி உலர்ந்த துருவலுக்கு. பாலுக்கான காயைத் துருவி, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் விட்டு ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். முதல் பால் ஹோட்டலுக்குப் போகும். துருவலுக்கான காயில் ஒவ்வொரு சில்லின் முதுகிலிருந்தும் பழுப்புத் தோலைச் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் தோல் தங்கினாலும் பேக்கரிக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். துருவியதைத் தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைப்போம். மழைக்காலத்தில் பின்பக்கத்து அறைதான்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரோரம் தட்டு அடுக்குகள், நடுவில் இரும்புச் சட்டி. கொட்டாங்குச்சிகளை வெளியே தாழ்வாரத்தில் எரித்து, புகை அடங்கித் தணலானதும் சட்டியோடு உள்ளே தூக்கிப் போவோம். கதவின் நிலை சாய்ந்துபோனதால் விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அதனால் அடியில் ஒரு கொட்டாங்குச்சியை முட்டுக் கொடுத்து, தணலின் நச்சுக்காற்று வெளியே போக நாலு விரல் சந்து விட்டுவைப்போம். மூன்று கண் உள்ள பாதிதான் அதற்குச் சரி. கெட்டியாக இருக்கும், நசுங்காது. என் மகள் அதில் மார்க்கரால் ஒரு மீசை வரைந்து 'வாட்ச்மேன்' என்று பெயரும் வைத்திருந்தாள்.

"இவரு தூங்கவே மாட்டாரும்மா. மூணு கண்ணும் எப்பவும் தொறந்தே இருக்கு" என்பாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மகள், நாத்தனார். என் கணவர் லாரியோடு போய் வேறு இடத்தில் குடும்பம் வைத்துக்கொண்டார். அவருடைய தங்கை மட்டும் என்னோடு நின்றுவிட்டாள். அவளுக்கு வாய் அதிகம். "எங்க அண்ணி பிழிஞ்ச சக்கைய மாடுகூட மோந்து பாக்காது, அதுல ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்று ஹோட்டலில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். என் மகள் என்னைவிட அத்தையிடம்தான் அதிகம் பேசினாள். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மூன்று நாள் விடாத மழை. பேக்கரிக்கு அவசரம். வெளியே குவித்திருந்த கொட்டாங்குச்சி எல்லாம் நனைந்துவிட்டது. மூன்றாம் நாள் மதியம், உள்ளே காய்ந்து கிடந்ததை அள்ளித்தான் எரிக்க வேண்டியிருந்தது. தணல் போடும்போது யாரும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை, கைக்கு அகப்பட்டதை வாரிப் போடுவதுதான். மகளுக்கு லேசாகக் காய்ச்சல். தட்டுகளைத் திருப்பிவிட்டு அங்கேயே கதகதப்பில் சாக்கை விரித்துப் படுத்தாள். நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

திறந்தது நாத்தனார். பால் கேன்களோடு காலையில் ஹோட்டலுக்குப் போனவள் அப்போதுதான் திரும்பியிருந்தாள். "காத்துல சாத்திக்கிச்சு, அண்ணி" என்றாள். வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னாள். நானும் நம்பினேன். இரண்டு வருடம் காற்றைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரம் முன்பு பிழிகிற துணி கிழிந்துபோனது. பழைய துணி ஏதாவது இருக்குமா என்று அவளுடைய பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால், வாட்ச்மேன். பாதி கரிந்திருந்தது. இரண்டு கண்ணும் மீசையும் மிச்சம். காற்றில்லாத அறையில் நெருப்பும் அணைந்துபோயிருக்கிறது, அதனால்தான் முழுதாக எரியவில்லை.

கதவைத் தாங்க வேண்டியதைத் தீயில் போட்டிருக்கிறாள். பிறகு சட்டியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள். தப்பு செய்யாதவள் எதற்கு ஒளிக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் சத்தம் போடவில்லை. மூட்டையைக் கட்டி, இருந்த இடத்தில் வைத்தேன். அன்று அவளுக்குச் சோறும் போட்டேன். என் கை வலிக்கிறது என்று நான் சொன்னபோது எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். "இந்தக் கைய இன்சூரன்ஸ் பண்ணணும் அண்ணி, வீடே இதுல ஓடுது" என்றாள். நானும் சிரித்தேன்.

மழைக்காகக் காத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வந்தது.

தணல் நன்றாக எடுத்திருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் தட்டுகளைத் திருப்பப் போனாள். இடுப்பு பிடித்திருக்கிறது, அரை மணி நேரம் சூட்டில் படுக்கிறேன் என்றாள். வாசலில் நின்று கேட்டேன்.

"வாட்ச்மேன எதுக்கு ஒளிச்சு வச்ச?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"பெட்டிய ஏன் அண்ணி தொறந்தீங்க? அது உங்க கண்ணுல படக் கூடாதுன்னுதானே வச்சிருந்தேன்."

"யாரு தீயில போட்டது?"

"விடுங்க அண்ணி. காத்துதான். காத்துன்னே இருக்கட்டும்."

"சொல்லு."

அவள் அழுதாள். "அன்னைக்கு நான் வீட்டுலயே இல்லயே, அண்ணி. தணல் போட்டது யாருன்னு நான் சொல்லணுமா?"

பாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடமே கேள்வியைத் திருப்புகிறாள். தணல் போட்டது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் தன் மகள் படுக்கப் போகிற அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்ததை எந்தத் தாயாவது எடுத்து எரிப்பாளா? நடக்கிற காரியமா?

"சரி, படு" என்றேன். படுத்தாள். என்னை நம்பித்தான் படுத்தாள். அவள் கண் அசந்ததும், முட்டுக் கொடுத்திருந்த கொட்டாங்குச்சியைக் காலால் தள்ளினேன். கதவு தானே சாத்திக்கொண்டது. நான் கொண்டியை மட்டும் போட்டேன்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பால் பிழிந்தேன். பன்னிரண்டு காய். நாலாவது காயின்போது இரண்டு முறை தட்டினாள். "அண்ணி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு கேட்டது அவள் கையா, ஓட்டில் விழுந்த மழையா, சரியாகச் சொல்ல முடியவில்லை. தெரியாததை எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். பன்னிரண்டையும் முடித்து, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் திறந்தேன். தட்டில் இருந்த துருவல் வெள்ளைவெளேரென்று வந்திருந்தது. ஆறியதும் பையில் கட்டினேன். மறுநாள் பேக்கரிக்காரர் குறை ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

கொன்றது நான்தான். யோசித்துத்தான் செய்தேன். யாரும் துணை இல்லை. இவ்வளவையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்காரர் வந்து, என் மகள் இறந்த அன்று நாத்தனார் காலையிலிருந்து மூன்றரை வரை தன் சமையல்கட்டில்தான் இருந்தாள், மழை விடட்டும் என்று தானே உட்கார வைத்ததாகச் சொன்னார் என்கிறீர்கள். சொல்லட்டும். அவருக்கு எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி என்ன தெரியும்?

எனக்கு ஒரே ஒரு குறைதான். இரண்டு தட்டுத் தட்டினாளே, அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். காதைக் கதவில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். "வாட்ச்மேனத் தீயில போட்டது நான்தான் அண்ணி" என்று ஒரே ஒரு வார்த்தை. அதை அவள் எனக்கு இன்னும் தரவேண்டியிருக்கிறது.