பௌர்ணமிக் கணக்கெடுப்பு

திருவண்ணாமலைக்கு ராஜாக்கள் கோபுரம் கட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்தவன் நான்தான். அடக்கத்துக்காகக்கூட இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

பழைய ரயில் பாலம் ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நின்றது. பதினொரு வளைவுகள், நூறு வயது. ரயில் போனால் காரை உதிரும். அதை இடித்துவிட்டு ஒல்லியான தூண்களில் புதுப் பாலம். கீழே பூங்கா, நடைபாதை. நல்ல திட்டம். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

வளைவுகளுக்கு அடியில் முப்பத்தொரு குடும்பங்கள் இருந்தன. கணக்கெடுப்பில் பெயர் வந்தால் பக்கத்து வேங்கிக்காலில் மாற்று வீடு. வராவிட்டால் இல்லை. கணக்கெடுக்க ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஆள் நான்.

"ஆளு ஜாஸ்தியா இருந்தா ரெண்டு வருஷம் இழுக்கும், மாறா," என்றார் மேலாளர் சக்கரபாணி. பொய் எழுதச் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

மூன்றாம் வளைவில் இட்லிக் கடை வைத்திருந்த ஜோதியம்மாள்தான் வழி காட்டினார். கல்லூரி நாட்களில் என் காலைச் சாப்பாடு அங்கேதான்.

"எப்ப வேணா வா தம்பி. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வந்துடாத. கிரிவலப் பாதையில கடை போட எடம் புடிக்கணும்னு எல்லாம் காலையிலயே கெளம்பிடுவோம். ஈ காக்கா இருக்காது."

"ஒங்க பேரு இல்லாம லிஸ்டா, அக்கா?"

"நீ கிண்டல் புடிச்சவன். மறந்துடாத."

மறக்கவில்லை. பௌர்ணமியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். காலை பத்து மணிக்குப் போய் ஒவ்வொரு கதவையும் மூன்று முறை தட்டினேன், விதி அப்படி. பூட்டுகளைப் படம் எடுத்தேன். 'குடியிருப்போர் இல்லை' என்று முப்பத்தொரு முறை எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார் சக்கரபாணி.

ஜீப்பை விட்டு இறங்காமலே வெள்ளச் சேதம் பார்த்த அதிகாரி ஒருவரைப் பற்றிக் கல்லூரிச் சுவரிதழில் முன்பு எழுதியிருந்தேன்: 'வெள்ளம் இல்லை, ஐயாவின் செருப்பு காய்ந்திருக்கிறது.' நான் அப்படியில்லை. இறங்கினேன், தட்டினேன்.

இப்போது பூங்கா வந்துவிட்டது. போன வாரம், திட்டத்தால் யாருக்காவது பாதிப்பா என்று பார்க்கும் அடுத்த ஆய்வுக்கு ஜீப்பில் போனேன். பூங்கா வாசலில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில், அடுப்பும் இட்லிப் பானையுமாக ஜோதியம்மாள். ஜன்னலருகே வந்தார்.

"தம்பி, என் பேரு உட்டுப்போச்சாம். நீதான எழுதின, கொஞ்சம் சொல்லேன்."

திட்டியாவது இருக்கலாம்.

வெயில் அதிகம். கண்ணாடியை ஏற்றினேன். படிவத்தில் 'பாதிக்கப்பட்டோர்' என்ற கட்டத்தில் 'எவருமில்லை' என்று எழுதினேன். இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் படிவத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை.