மூக்கு லாரிக்கு ஏர் பிரேக்

டீ வேண்டாம், சார். இரண்டாவது டீ குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல் வரும். இந்த நாற்காலி போதும், மின்விசிறியும் ஓடுகிறது. நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட்டு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

இதே மும்பை சுனாபட்டியில் பிரேக் வேலைக்கென்றே ஷெட் போட்டிருப்பவன் நான். சுடலைக்கண்ணன் கைபட்ட வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்று எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். நயினாரின் வண்டியும் என்னிடம்தான் வரும். நயினார் என் தங்கை தங்கமயிலின் புருஷன். அவனுடைய லாரி அவனைவிட வயதில் மூத்தது, மூக்கு நீண்ட பழைய வண்டி. அப்பா ஓட்டியது என்பதால் விற்க மாட்டான். அதைத் துடைக்கிற துணியைக்கூட அவனே துவைப்பான். அப்படி ஒரு பாசம்.

என் தங்கையை அவன் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. தாராவியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். குழம்பில் உப்பு கூடினாலும் சத்தம் கேட்கும், குறைந்தாலும் கேட்கும். ஒரு முறை ஜாக்கிக் கம்பியால் அடித்து அவள் மணிக்கட்டை உடைத்தான். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். இன்னொரு முறை அவள் தலையைச் சுவரில் மோதினான், என் பக்கத்தில் மாட்டியிருந்த சாமி படம் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு இடது காது கேட்கவில்லை.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டேன்.

"அண்ணே, எங்க வீட்டு விசயத்துல நீ தலையிடாத. அடிச்சாலும் அவுகதான் எனக்கு," என்றாள்.

பல் ஆடிக்கொண்டிருந்த வாயால் அதைச் சொன்னாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவன் நான். எனக்கு ஆத்திரமாக வந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகுதான் நயினாரிடம் பிரேக்கை மாற்றுகிற பேச்சை எடுத்தேன். அந்த வண்டியில் இருந்தது பழைய ஆயில் பிரேக். அதில் பெடல் தொய்ந்தால் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பிடி ஏறும். நயினாரின் கால் அப்படியே பழகிய கால். தூக்கத்திலும் மிதிக்கிறார் என்று தங்கமயில் கேலி செய்வாள். ஏர் பிரேக் அதற்கு நேர்மாறு. ஒவ்வொரு மிதிக்கும் தொட்டியிலிருந்து காற்று செலவாகும். விட்டு விட்டு மிதித்தால் காற்று தீர்ந்து, கடைசியில் காலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. ஏர் பிரேக் வண்டிக்கு வருகிறவனுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நல்ல சாமான்தான் போட்டேன். கம்ப்ரசர் புதிது, குழாய்கள் புதிது. தொட்டி மட்டும் சின்ன வண்டிக்கு உள்ளது. காற்று குறைந்தால் கத்துகிற பஸ்ஸருக்கு வயர் கொடுக்கவில்லை. காற்று போனால் தானாகவே சக்கரத்தைப் பூட்டுகிற ஸ்பிரிங்கையும் வைக்கவில்லை.

நயினார் தாதர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தான்.

"மச்சான், சும்மா தொட்டா நிக்கி. ஏக்தம் புது வண்டி கணக்கா இருக்கு."

"மலை இறக்கத்துல கொஞ்சம் தொய்வா இருந்தா பயப்படாத மாப்ள. எப்பவும் போல விட்டு விட்டு மிதி."

"எனக்கேவா சொல்லுதீரு?" என்று சிரித்தான்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வேலை முடிந்து வண்டி வெளியே போனால், முதல் நடைக்கு வீட்டுக்காரியும் கூட ஏற வேண்டும், சரக்கோடு திரும்பும்வரை இறங்கக் கூடாது. அது நயினார் வீட்டு வழக்கம். இஞ்சின் மாற்றியபோதும் தங்கமயில்தான் ஏறினாள். எனக்குத் தெரியும். முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான். தலை நிறையப் பூவும் கையில் சோற்றுத் தூக்குமாக அவள் ஏறி உட்கார்ந்தாள். பழைய கதவு, ஓங்கி அடித்தால்தான் பிடிக்கும். நான்தான் அடித்துச் சாத்தினேன்.

"வாரேம்ணே," என்றாள்.

இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்று சொன்னவள் அவள்தானே.

புனேயில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு கண்டாலா மலை இறக்கத்தில் வந்தார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் உங்களிடம் சொன்னதை என்னிடமும் சொன்னான். பிரேக் விளக்கு அந்த வளைவு வரும்வரை அணைந்து அணைந்து எரிந்ததாம். நான் சொன்னபடியே மிதித்திருக்கிறான். பாறையில் மோதி வண்டி நின்ற பிறகும் கம்பிகள் நிற்கவில்லை. கேபினைத் துளைத்து, இரண்டு பேரின் முதுகிலும் புகுந்து, முன்கண்ணாடி வழியே வெளியே வந்தன. நயினாரை ஸ்டியரிங்கோடு சேர்த்துத் தைத்திருந்தன. அவனுக்கு உயிர் உடனே போகவில்லை என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. இடது சீட்டில் இருந்தவளுக்கு முகம் இல்லை. மணிக்கட்டில் இருந்த தகட்டைப் பார்த்துத்தான், இது என் தங்கை என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அழவில்லை என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். எதற்கு அழ வேண்டும்? நேற்றுவரை அந்தச் சுவரோரம்தான் படுத்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நன்றாகத் தூங்கினேன். இனி என் தங்கையை யாரும் அடிக்க மாட்டார்கள், சார்.