இடது றெக்கைக்கு எந்தக் கம்?

— டேய் விஜிதரா, இது அம்மாவோட முழங்கால்தானே?

— கத்தாத அக்கா. பழைய எக்ஸ்ரேதான்.

— பழசுன்னா கத்திரிய எடுத்து வெட்டிருவியா? அடுத்த மாசம் கிளினிக்ல டொக்டர் கேட்டா என்னா சொல்றது? அம்மா முழங்கால் ஏரோப்ளேன் ஏறிப் போயிருச்சுன்னா?

— இந்த பிளாஸ்டிக்தான்க்கா கீலுக்குச் சரி. எத்தன தடவ வளைச்சாலும் ஒடையாது. இங்க பாரு, றெக்கைக்குப் பின்னால இந்தத் துண்டு மேலயும் கீழயும் ஆடணும். அது ஆடுனாத்தான் பிளேன் திரும்பும். அந்தத் துண்டையும் றெக்கையையும் சேத்து வைக்கிறதுதான் கீலு. கதவுக்கு இருக்கும்ல, அது மாதிரி.

— எந்தக் கதவுக்கு இருக்கு? நம்ம லயத்து வீட்டுக் கதவு கம்பியில தொங்குது. அத ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்தியா? ஆகாயத்துல ஆடுற கதவுக்கு மட்டும் ராசா கீலு வெட்டுறாரு.

— தேர்த் திருவிழா முடியட்டும், அதையும் செய்றேன். கீலு வெட்டுறது லேசுக்கா. அத எந்தக் கம் போட்டு ஒட்டுறதுங்கறதுதான் இப்பப் பிரச்சின.

— அத பிரச்சினையாக்குனதே நீதான். நேத்து கோயில் கூட்டத்துல ஒனக்கு எதுக்குடா அந்தக் கத? தேருக்கு மேல பிளேன் பறக்கும், பூவக் கொட்டும், கும்பிடுறேன் சாமின்னு சொல்லிட்டு ஒக்கார வேண்டியதுதானே? நான் எதுத்தாப்புல இருந்து கண்ணக் காட்டுனேன். நீ பாத்தாத்தானே.

— சனத்துக்கு மேல பறக்குற சாமான், கழண்டு விழாதான்னு தொழிற்சங்கத்து நல்லமுத்து தலைவர் கேட்டாரு. கீலுக்கு எபொக்சி போட்டு ஒட்டுவேன், கழராதுன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்றது குத்தமா?

— குத்தந்தான். அந்தாளு மச்சான் அட்டன் டவுன்ல ஹார்ட்வெயார் கடை போட்டிருக்கான். அவன் கடை வாசல்ல சரஞ்சரமா சுப்பர் குளூ தொங்குது. எபொக்சி இல்ல. நீ எபொக்சின்னு வாயெடுத்ததும் அவருக்கு சுப்பர் குளூ மேல பக்தி பொங்கிருச்சு.

— அதோட நின்னுருந்தாக்கூட நான் சமாளிச்சிருப்பேன். அவரு சுப்பர் குளூன்னதும் மத்த சங்கத்து வீரய்யா தலைவர் எந்திரிச்சுட்டாரே.

— "எங்க சங்கம் எபொக்சிக்குத்தான் ஆதரவு!" அய்யோ, சீல முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன்டா. அந்த மனுசனுக்கு எபொக்சி பூசுறதா, குடிக்கிறதான்னு தெரியாது.

— கூட்டத்துக்கு முன்னால அவருகிட்டயும் போய் விளக்கமா சொன்னேன்க்கா. "அதெல்லாம் எதுக்குத் தம்பி, பைண்டர் கம் பூசு, போதும்"னு அனுப்பிட்டாரு. கூட்டத்துல நல்லமுத்து தலைவர் என்னா சொல்றாருன்னு பாத்துட்டு, அதுக்கு எதிரா எது இருக்கோ அத எடுத்துக்கிட்டாரு.

— போன மாசம் நான் எந்திரிச்சு, பிள்ளைங்க படிக்கிற முன்பள்ளிக் கூரை ஒழுகுது, தோட்டத்துத் தொரகிட்டப் பேசுங்கன்னேன். அன்னிக்கு மட்டும் ரெண்டு தலைவரும் ஒரே குரல். "அடுத்த கூட்டத்துல பாப்போம் டீச்சர்." நான் இன்னும் வாளிய வச்சுத் தண்ணி புடிச்சிக்கிட்டு இருக்கேன். ஒன் கம்முக்குப் பாரு, பொழுது சாயற வரைக்கும் விவாதம்!

— கடைசியில பழனியாண்டி மாமா தீர்ப்பு சொன்னாரே, அதுதான் பெருங்கூத்து.

— அவரு என்னா செய்வாரு? கோயில் கமிட்டிச் செயலாளர். தேர்ல எடது வடத்த ஒரு சங்கம் இழுக்குது, வலது வடத்த ஒரு சங்கம் இழுக்குது. அன்னதானத்துல சோறு ஒரு சங்கம், சாம்பாரு ஒரு சங்கம். போன வருசம் சாம்பாரு சங்கம் வர லேட்டு. சோத்து சங்கம் காத்திருக்க மாட்டோம்னு வெறுஞ்சோத்த எலையில போட்டுட்டுப் போயிருச்சு. அந்தக் கணக்குலதான் ஒன் றெக்கையையும் பிரிச்சிட்டாரு.

— எடது றெக்கைக்கு சுப்பர் குளூ, வலது றெக்கைக்கு எபொக்சி!

— வாலுக்கு?

— வாலு பொதுவாம். அதுக்கு பைண்டர் கம்.

— கை தட்டுனாங்கடா! நானும் சேந்து தட்டுனேன், தட்டலன்னா எந்தச் சங்கம்னு கேப்பாங்க. சரி, எனக்கு ஒரு விசயம் சொல்லு. கம்முன்னா கம்மு. எதப் போட்டா என்னா? ஒட்டுனாச் சரி.

— அப்புடியா? இந்தா, இது றெக்கை வெட்டுனதுல மிஞ்சுன ரிஜிபோம், டிவி பொட்டிக்குள்ள வெள்ளையா வருமே, அது. இதுல ஒரு சொட்டு சுப்பர் குளூ விடுறேன். பாத்துக்கிட்டே இரு.

— அட பாவி! ஓட்ட விழுந்துருச்சு! கரையான் மாதிரில்ல திங்குது.

— அதான். ரிஜிபோம அது கரைச்சிரும். அதுமட்டுமில்ல, தண்ணியா ஓடி கீலு மடியுற எடத்துக்குள்ள பூந்துக்கும். பூந்துச்சுன்னா கல்லு மாதிரி எறுகிரும், துண்டு ஆடாது. பைண்டர் கம் காகிதத்துக்கும் பலகைக்கும் நல்ல சாமான், ஆனா இந்த பிளாஸ்டிக்க அது புடிக்காது. போதாக்கொறைக்கு நம்ம பனிமூட்டத்துல நனைஞ்சா இளகிரும். எபொக்சி கொழகொழன்னு இருக்கும், ஓடாது, மெதுவா எறுகும். பிளாஸ்டிக்க சேண்ட் பேப்பர்ல தேய்ச்சு, மடியுற எடத்துல மட்டும் வாசலின் தடவிட்டு ஒட்டணும். அப்ப ஒட்ட வேண்டிய எடம் ஒட்டும், ஆட வேண்டிய எடம் ஆடும்.

— இத நேத்து கூட்டத்துல செஞ்சு காட்டிருக்கலாமே?

— காட்டுனேனே. நல்லமுத்து தலைவர் அந்த ஓட்டையப் பாத்துட்டு, "ரிஜிபோம்தான் சரியில்ல, கம் நல்ல கம்"னாரு.

— நல்லா வருது வாயில.

— ஒரு பக்கம் ஆடி, ஒரு பக்கம் ஆடாம இருந்தா பிளேன் சுத்திக்கிட்டே கீழ வரும்க்கா. கீழ தேரு. தேரச் சுத்தி சனம், பிள்ளைங்க.

— அப்ப விடாத. கழட்டிப் பொட்டியில போடு. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துல ட்ரோன் வச்சு பூ கொட்டுனாங்கன்னுதான் இவங்களுக்கு இந்த ஆசையே. கொண்டு வரட்டும் ட்ரோன.

— இல்லக்கா. இது பறக்கணும்.

— ஏன் சாமி? இல்லன்னா தேரு நகராதா?

— நான் கொழும்புல கடை வேலைய விட்டுட்டு வந்தப்ப அம்மா என்னா சொன்னிச்சு? "ஒன் கையால ஒண்ணும் ஆகாது"ன்னு அத்தன பேருக்கு முன்னால சொன்னிச்சு. நான் அட்டன்ல போன் ரிப்பேர் பாக்குறதக்கூட அது வேலைன்னு ஒத்துக்கல. இத்தன நாளா இத வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கேன். வெளையாட்டுச் சாமான்னு காலால தள்ளிட்டுப் போவுது. எனக்கு அது வலிக்குதுக்கா. நாளைக்கு ஊரே பாக்கும்போது நான் ஓட்டணும். அம்மா தலையத் தூக்கிப் பாக்கணும். வேற எதுவும் எனக்கு வேணாம்.

— அம்மா வாயி அப்புடி. என்னையும்தான் சொல்லும், பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்குறதெல்லாம் ஒரு உத்தியோகமான்னு. சரி, அழுது வைக்காத. இப்ப என்னா செய்யப் போற?

— செஞ்சுட்டேன்.

— என்னாத்த?

— எடது, வலது, வாலு, எல்லாத்துக்கும் எபொக்சிதான். விடியக்காலையிலயே ஒட்டி அடுப்படியில சூட்டுக்கு வச்சேன். குளிர்ல எறுக நேரம் எடுக்கும்.

— அடேய்! ரெண்டு சங்கத்தையும் ஏமாத்திட்டியா? தெரிஞ்சா நாளைக்கு ஒன்னத்தான் தேர்ல கட்டி இழுப்பாங்க. எடது கால் ஒரு சங்கம், வலது கால் ஒரு சங்கம்.

— காஞ்சா எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா இருக்கும். யாருக்குத் தெரியும்?

— நல்லமுத்து தலைவர் அனுப்புன சுப்பர் குளூ டியூப் எங்க?

— இந்தா. இன்னும் நெறைய இருக்கு.

— மக்கு. நெறஞ்ச டியூப்ப வச்சுக்கிட்டா திருட்டுத்தனம் செய்வாங்க? கொண்டா இங்க. என் செருப்பு வாரு பிஞ்சு கெடக்குது, அதுல ஊத்திக் காலி பண்றேன்... ஆத்தீ! வெரலு! டேய், வெரலு செருப்போட ஒட்டிக்கிச்சுடா!

— இழுக்காத! தோலு வந்துரும். சுடுதண்ணியும் சோப்பும் கொண்டாறேன். ஒங்க கம் நல்லா புடிக்குதுன்னு நல்லமுத்து தலைவர்கிட்டச் சாட்சி சொல்லு.

— சிரிக்காதடா. அங்க பாரு, பழனியாண்டி மாமா எறங்கி வர்றாரு. கைய வீசுறதப் பாத்தியா, தேர் கிட்ட வர வர மனுசனுக்கு நடையே மாறிருது. பிளேன வெளிய எடுத்து வை. டியூப்ப மேசையில போடு. நான் இந்தச் செருப்ப முந்தானைக்குள்ள மறைச்சுக்கிறேன்.

— என்னா மாப்ள, கமிட்டி சொன்ன மாதிரி வேலையெல்லாம் நடந்துச்சா?

— வாங்க மாமா. எல்லாம் முடிஞ்சிருச்சு.

— இந்தா பாரு, நான் ஒன்ன நம்புறேன். ஆனா ரெண்டு தலைவருங்களும் என்னைய நம்பி அனுப்பியிருக்காங்க. நாளைக்கு ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லிறக்கூடாது. சுப்பர் குளூ டியூப் எங்க?

— இந்தா மாமா. காலி.

— நல்லா பிதுக்கித்தான் இருக்க. சர்மிளா, நீ ஏன்மா ஒத்தக் கைய முந்தானைக்குள்ள வச்சிருக்க?

— குளிருது மாமா.

— ஒரு கைக்கு மட்டுமா?

— அந்தக் கைதான் தண்ணியில பொழங்குச்சு. நீங்க றெக்கையப் பாருங்க மாமா, அதுக்குத்தானே வந்தீங்க.

— ம்... வலது பக்கம் கெட்டியா இருக்கு. எடது... மாப்ள, இது என்னா விரல்ல பிசுக்குன்னு ஒட்டுது? சுப்பர் குளூ ஒடனே காஞ்சிரும்னுதானே நல்லமுத்து தலைவர் சொன்னாரு?

— அது... அது வந்து மாமா...

— அது வாசலின் மாமா. கீலு மடியுற எடத்துல தடவியிருக்கான். எண்ணெ போடாத கதவு கிரீச்சுங்கும்ல, அதுக்குத்தான். நல்லமுத்து தலைவரோட கம்மு ரொம்ப வேகமான கம்மு, அத அடக்குறதுக்கே வாசலின் தேவப்பட்டுச்சுன்னு போய்ச் சொல்லுங்க. சந்தோசப்படுவாரு.

— அப்ப வலது பக்கம் வாசலின் இல்லையா? வீரய்யா தலைவர் கேப்பாரே, எடது பக்கம் மட்டும் ஏன் ரெண்டு சாமான்னு?

— ரெண்டு பக்கமும் போட்டிருக்கு மாமா! ஒரே அளவு! தொட்டுப் பாருங்க, வாலுக்கும் போட்டிருக்கு.

— அப்ப சரி. நீதியா நடந்திருக்க. கூட்டத்துல நான் ஒனக்காக எவ்வளவு பேசுனேன் தெரியுமா? வெளித்தோட்டத்து ட்ரோன் எதுக்கு, நம்ம பய செஞ்ச பிளேன்தான் பறக்கணும்னு நின்னேன்.

— தெரியும் மாமா. நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது. நாளைக்குப் பாருங்க, கோயில் மரத்துக்கு மேல ஒரு சுத்து, பிறகு தேருக்கு நேரா எறக்கி, பூவக் கொட்டிட்டு, நோகாம கிரவுண்டுல கொண்டாந்து வைப்பேன். ஒரு கீலு கழராது. சத்தியமா சொல்றேன்.

— கம் விசயம் முடிஞ்சிருச்சு மாப்ள. ரெண்டு சங்கத்துக்கும் திருப்தி. இப்பதான் கோயில்ல சின்னதா இன்னொரு கூட்டம் போட்டோம். யாரு ஓட்டுறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு.

— அதுல என்னா கேள்வி? நான்தான்.

— நீ எந்தச் சங்கம்?

— நான் எந்தச் சங்கமும் இல்ல மாமா. எனக்குத் தோட்டத்து வேலையாளுங்க பதிவுல பேரே இல்லையே. டவுன்லதானே வேல செய்றேன்.

— அதத்தான் கேட்டாங்க. சங்கமில்லாதவன் கையில சாமி காரியத்த எப்புடிக் குடுக்குறதுன்னு. ரெண்டு தலைவரும் ஒண்ணாக் கேட்டாங்க மாப்ள, நான் என்னா சொல்ல?

— நல்லா கேட்டாங்க மாமா! அவங்களுக்கு டிவி ரிமோட்டே பேரப்புள்ளதான் அமுக்கிக் குடுக்குது. தேருக்குக் கீழ என் முன்பள்ளிப் பிள்ளைங்க நிக்கும், நெனவிருக்கட்டும்.

— சர்மிளா, சத்தம் போடாத. தம்பிய நான் விட்டுக் குடுப்பேனா? ரிமோட் அவன் கையிலதான் இருக்கும்னு தீர்மானமே போட்டுட்டேன், ஏகமனதா.

— அப்பாடா! மாமா, ஒரு நிமிசம் உசுரே போயிருச்சு.

— ஒரே ஒரு விசயம் மாப்ள. அதுல ரெண்டு குச்சி இருக்குதில்ல? எடது குச்சிய நல்லமுத்து தலைவர் தள்ளுவாரு, வலது குச்சிய வீரய்யா தலைவர் தள்ளுவாரு, நீ நடுவுல நின்னு பொட்டி ஆடாம புடிச்சிக்க.