பூக்காத தெச்சி வேலி

தெச்சிச் செடியைப் பனி காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும் சார். ஈரத்தோடு வெட்டினால் மெஷினில் இலை அப்பிக்கொள்ளும். அதனால்தான் அன்றைக்கும் வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தேன். வேறு திட்டம் எதுவும் எனக்கு இல்லை.

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக்கும் பத்மஜாம்மா வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது. தெச்சி வேலிதான். வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். என் மனைவி லலிதா வைத்தது. ஒரு ஆள் நுழைய நடுவில் இடம் விட்டிருந்தாள். பத்மஜாம்மாவின் மகன் துபாயில், அவர் தனி ஆள். தினமும் காலையில் அந்த வழியாக வந்து பூஜைக்குப் பூப் பறிப்பார். இந்த ஊரில் பூஜைக்குப் பறிப்பதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொன்னதில்லை.

லலிதா போன பிறகும் வந்தார். "சாமி, லலிதா இருந்தப்போ இந்நேரம் எனக்கொரு காப்பி கிட்டும், கேட்டோ" என்பார். அன்பாகத்தான் சொல்வார். எனக்குத்தான் அதைக் கேட்கப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருத்தி படத்தில் இருக்கிறாள், இன்னொருத்தி கூடை நிறையப் பூவோடு நடந்து போகிறாள். படத்துக்கு வைக்க ஒரு கொத்து மிஞ்சாது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

வழியை அடைத்துச் செடி வைத்தேன். வேலி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கினேன். தெச்சி கிளை நுனியில்தான் பூக்கும். நுனியை விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் சுவர் மாதிரி நிற்கும், பூக்காது.

"இதென்ன சாமி, மொட்டை அடிச்சு விட்டாச்சோ?" என்று கேட்டார்.

வேலி என்றால் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு லலிதாவின் படத்துக்கும் பூ இல்லைதான். பழகிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். வெட்டி முடித்ததும் அவர் பக்கம் விழுந்த இலைகளை நானே தெரு வழியாகச் சுற்றிப் போய்ப் பெருக்கிவிடுவேன். அதில் நான் கறார்.

அன்று மெஷினோடு வெளியே வந்தபோது அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. இலையை விலக்கிப் பார்த்தேன். உச்சியில் எப்படியோ தப்பிய ஒரு கொத்து அவர் பக்கம் பூத்திருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி எட்டியிருக்கிறார். ஸ்டூல் சாய்ந்து, மழைத்தண்ணீர் போகும் ஓடைக் கல்லில் விழுந்து கிடந்தார். தலையில் ரத்தம். பூங்கொத்து கையிலேயே இருந்தது.

"சாமி, ஒண்ணு வரணே. எழுந்திருக்க முடியலை."

வருகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை, போவதாகத்தான் இருந்தேன். கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று மெஷினைப் போட்டேன். பெரிய சத்தம் போடும் மெஷின். எதிர்வீட்டு திவ்யலட்சுமி பால்கனியில் நின்று என்னவோ கேட்டாள். காதில் விழவில்லை என்று சைகை காட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டினேன். மட்டம் சரியில்லாத மாதிரி இருந்தது, திரும்ப ஒரு தடவை வெட்டினேன். மெஷினை நிறுத்தியபோது யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டில் வேலை செய்யும் சுஜாதான் பார்த்துவிட்டு அலறினாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி சார். வெட்டிய இலைகள் அவர் மேல் கிடந்தன, அவருக்கு அடியில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் நான் வெட்டும்போது அவர் அங்கே கிடந்திருக்க வேண்டும். ஆமாம், கிடந்தார். எனக்குத் தெரியும். அவர் கூப்பிடுவது தெருவில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் இரண்டாம் தடவையும் வெட்டினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளில் அந்தப் பக்கத்தைப் பெருக்காமல் நான் விட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும் விட்டுப்போயிற்று. அவர் மகன் துபாயிலிருந்து காரியத்துக்கு வந்து வேலியோரம் நின்றபோது அந்த இலைகள் அங்கேயே காய்ந்து கிடந்தன. சுத்தம் தெரியாத ஆள் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார்.