கண்ணி அறாத இரும்புச் சட்டை

நடுச்சாமம் தாண்டியாச்சு. சராப்லேருந்து அர்தபீல் போற மலைப்பாதை... பனி முழங்கால் ஆழம். ஒத்தைக் குதிரை. மேல ஒத்தை ஆளு.

கதவுப் பக்கம் யாரு? உள்ளே வா. கணப்புக்குப் பக்கத்துல உக்காரு, போர்வையைக் கால் மேல இழுத்துக்கோ. இது கட்டுக்கதை இல்லே. என் கூட்டாளி பைராமோட தாய்மாமன் ஒருத்தன், துர்சுன்னு பேரு. அவனுக்கு நடந்தது.

நம்ம ஷேக் வீட்டார் அர்தபீல் தர்காவுல உக்காந்து, ஆண்டவன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ரு ஓதின காலம் போய், வாளெடுத்து ராஜ்ஜியம் பிடிக்கக் கிளம்பின வருஷம் அது. முரீதுன்னா, அதான் ஷேக்கோட சீடன்னா, தலையில பன்னெண்டு மடிப்புச் சிவப்புக் குல்லாய். உடம்புல கவசம் கூடாது. நம்பிக்கை இருந்தா வாள் இறங்காது... அதுதான் பேச்சு.

துர்சுனுக்கு உயிர் மேல ஆசை. யாருக்குத்தான் இல்லே? சண்டைக்கு முந்தின ராத்திரி, அங்கிக்கு உள்ளே ஒரு இரும்பு வளையச் சட்டையைப் போட்டுக்கிட்டான். சத்தம் வராம இருக்க ஆட்டுவால் கொழுப்பைத் தடவிக்கிட்டான். விடிஞ்சதும் பக்கத்துக் குதிரையில இருந்த பீரி, அவனோட உயிர்ச் சிநேகிதன், மேலும் கீழும் பாத்தான்.

"என்னடா மாப்ளே, ஒரே ராத்திரியில பெருத்துட்டே?"

கேட்டுட்டுச் சிரிச்சான். யார்கிட்டயும் சொல்லலை.

சண்டையில ஜெயிச்சாச்சு. ஆனா பீரி மாரு பிளந்து கிடந்தான். துர்சுன் மேல ஒரு கீறல் இல்லே. சவம் பொறுக்க ஆளுங்க வர்ற சத்தம்... சட்டையோட மாட்டினா தலை இருக்காது. அந்தப் பாவி என்ன செஞ்சான் தெரியுமா? சட்டையைக் கழட்டி, செத்த பீரிக்கு மாட்டிவிட்டான்.

பீரி துரோகின்னு ஆச்சு. குல்லாயைப் பிடுங்கிட்டாங்க. செத்தவனுக்குத் தொழற ஜனாஸாத் தொழுகைகூடக் கிடையாது. பாதையோரமா, அந்தச் சட்டையோடயே புதைச்சாங்க. அவன் ஆத்தா கூடாரத்தைப் பிரிச்சுப் பனியில எறிஞ்சாங்க. துர்சுன் பாத்துக்கிட்டே நின்னான், வாயைத் திறக்கலை. எனக்கு இன்னிக்கும் அதுதான் ஆறலை.

புதைக்கறதுக்கு முன்னாடி ஷேக்குக்குப் பதிலா அந்தக் கூட்டத்தை நடத்தின கலீஃபா, கிழவர், குனிஞ்சு ரொம்ப நேரம் பிணத்தைப் பாத்தார்.

"மாரு ரெண்டாப் பிளந்திருக்கு. சட்டையில ஒரு கண்ணிகூட அறலையே... அது எப்படிப்பா?"

அவர் பார்வை சுத்திவந்து துர்சுன் மேல நின்னுச்சு.

நாலு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். "கீறல் படாத முரீது நீ. அர்தபீலுக்குப் போ. உனக்குப் புதுக் குல்லாய் சுத்தி வெச்சிருக்காங்க. முந்நூறு கூடாரத்துக்கு உன்னைத் தலைவனாக்கப் போறாங்க. ராத்திரியே கிளம்பு. தனியாப் போ."

எதுக்கு ராத்திரி? எதுக்குத் தனியா? அந்தக் கிழவர் மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்.

போனான். பீரியைப் புதைச்ச மேடு வந்துச்சு. குதிரை காதை மடக்கிக்கிட்டு நின்னுடுச்சு. துர்சுன் இறங்கலை. ஒரு துஆ ஓதியிருக்கலாம்... அதுவும் இல்லே. அடிச்சு ஓட்டினான்.

கொஞ்ச தூரத்துல... சிலுக். சிலுக்.

கடிவாளம்னு நெனச்சு, அதைத் துணியால சுத்தினான். சிலுக். சிலுக். இறங்கி நடந்தான். குதிரை அசையாம நிக்குது... சத்தம் இவன் காலடிக்குச் சரியா வருது. திரும்பிப் பாத்தான். பனியில இவன் தடம் மட்டும்தான். ஆனா ரொம்ப ஆழம். மூட்டை சுமந்தவன் தடம் மாதிரி. ஆட்டுவால் கொழுப்பு வாடை. ஈர மண் வாடை. மாரைத் தடவிப் பாத்தான்... வெறும் கம்பளி அங்கி.

விடியக்காலம் அர்தபீல் வாசல். வழியில நடந்ததைக் காவக்காரன்கிட்டச் சொன்னான். அவன் நம்பலை, சிரிச்சான்.

"சண்டைக்குப் போனவன்லாம் இளைச்சு வர்றான். நீ மட்டும் பெருத்து வந்திருக்கியே?"

துர்சுன் அங்கியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போனான்.

உள்ளே திக்ரு நடக்குது. வட்டத்துக்கு நடுவுல நிறுத்தி, புது அங்கி போடறதுக்காகப் பழசைக் கழட்டினாங்க. ஒவ்வொரு வாயா ஓதல் நின்னுச்சு. உள்ளே இரும்புச் சட்டை. கண்ணிக்குக் கண்ணி கபர் மண், புதைகுழி மண்.

"பீரிக்கு நான்தான் மாட்டினேன்..."

அவ்வளவுதான் சொன்னான். சரிஞ்சுட்டான். சட்டையை உருவினா, மாரு ரெண்டாப் பிளந்திருக்கு.

சட்டையில ஒரு கண்ணிகூட அறலை.

கிழவர்தான் தோண்டி எடுத்து ஏதோ சூழ்ச்சி பண்ணிட்டார்னு உங்கள்ல யாரோ முணுமுணுக்கிறது கேக்குது. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா மறுநாள் ஆளுங்க போய்ப் பாத்தப்போ, மேட்டு மேல பனி கலையவே இல்லையாம். தோண்டினாங்க. பீரி வெறும் மாரோட, சிரிச்ச மொகமாக் கிடந்தான்.

தலையில, துர்சுனுக்குன்னு சுத்தி வெச்சிருந்த புதுக் குல்லாய்.