பதினோரு குழந்தைகள் பிறந்த தெரு

பாய், பேனரில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்பதால் மூன்று முறை படித்துப் பார்த்தேன். என் மனைவி ஜெயஸ்ரீயின் படம் சற்றுக் கறுப்பாக விழுந்திருக்கிறது. அவளுக்கு அது பிடித்திருக்காது, ஆனால் சொல்ல அவள் இல்லை. 'டெங்குவை வென்ற எங்கள் தெருவின் தேன் வள்ளல் வேம்பு சார்' என்று என்னைச் சொல்லும் வரியில் மட்டும் ஒரு தவறு இருக்கிறது. எழுத்தில் இல்லை, விஷயத்தில்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முதல் நினைவு நாளில் எனக்குப் பொன்னாடை போடும்போது மைக்கில் படிக்க என்னைப் பற்றி நான்கு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். தெரு நலச் சங்கத்தின் செயலாளர் கேட்டு நான் மறுத்ததில்லை. எழுத உட்கார்ந்ததில் கொஞ்சம் நீண்டுவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற வருடம் மாதவரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்த் தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் பெட்டியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே என்ன என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டார். உண்மையைச் சொன்னேன். டோல்கேட்டில் வண்டி காலியாகிவிட்டது. ராயபுரம் வரை கால் நீட்டி வந்தது அன்று ஒருநாள்தான்.

மொட்டை மாடியில் இரண்டு பெட்டி. ரயில்வே குடியிருப்பின் புங்க மரங்களும் தெருவின் ஆறு முருங்கை மரங்களும் அவற்றுக்குப் போதும். நான் காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவேன். சில நாள் அதற்கும் இறங்கமாட்டேன்.

"மாடில வச்சிகினு கீறியே ராணி, அவளாண்டயே சோறு கேளு" என்பாள் ஜெயஸ்ரீ. கேட்டால் ராணித் தேனீ தந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது நல்ல குடும்பம்.

ஒரு சனிக்கிழமை மாலை கொசு மருந்துப் புகை அடிக்க வந்தார்கள். தெரு முழுக்க வெள்ளைப் புகை. நான் அப்போது கல்மண்டபத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். காலையில் மாடிக்குப் போனால், தரை முழுக்கச் செத்த தேனீக்கள், கால் வைக்க இடமில்லை. துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினேன். முறம் நிறைந்தது. அதற்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"எங்கம்மா பூட்டப்போ கூட ஒனக்குக் கண்ணுல தண்ணி வர்ல" என்றாள் ஜெயஸ்ரீ.

அது உண்மை. அவள் அம்மாவை நான் வளர்க்கவில்லை.

மறுபடி பெட்டிகள் வாங்கி வைத்தேன். இந்த முறை சனிக்கிழமை மாலை தெருமுனையில் நின்றுகொண்டேன். புகை இயந்திரத்தைத் தோளில் மாட்டி வந்தவர் தவ்ஃபீக். நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர். தெருவில் நுழையப் போனவரிடம், "பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, புகை வேண்டாம்" என்றேன். முன்கூட்டித் திட்டமிட்டதில்லை. வாயில் வந்தது.

"குளிப்பாட்டினா சாம்பிராணிப் புகை போடுறாங்க. நம்ப புகை மட்டும் இன்னா பண்ணுச்சி?" என்றார் தவ்ஃபீக். சொல்லிவிட்டு இயந்திரத்தை அணைத்தார். பச்சைக் குழந்தை என்றால் நம் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு பேசமாட்டார்கள். தெருக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டார். ஒரு பெயர் சொன்னேன்.

பச்சைக் குழந்தை என்று ஒரு வீட்டைச் சொன்னால் மூன்று நான்கு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேறு வீட்டில் பிறக்க வேண்டும். அப்படி அந்த வருடம் நம் தெருவில் பதினோரு குழந்தைகள் பிறந்தன. உங்கள் வீட்டில் இரண்டு. பெயர் வைப்பதில் எனக்கு ஓர் ஈடுபாடே வந்துவிட்டது.

"இன்னா சார், ஒங்க தெருவுல வேற வேலையே இல்லியா?" என்று ஒருநாள் கேட்டார் தவ்ஃபீக். கேட்டுவிட்டு, ஒன்பதாவது குழந்தைக்கு என்று குடை மாதிரி விரியும் சின்னக் கொசுவலை ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கி வந்து கொடுத்தார். மறுக்க மனம் வரவில்லை. மெல்லிய துணி. அதன் பிறகு நான் தேன் வடிகட்டியதெல்லாம் அதில்தான். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டது அந்தத் தேன்.

ஒரே ஒரு முறைதான் சிக்கல் வந்தது. பத்தாவது குழந்தையை யோசிக்காமல் எதிர்வீட்டுத் தேசப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மனைவி அங்கம்மாவுக்கு அறுபத்தொன்று என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்துகொண்டிருந்த தேசப்பனைத் தெருமுனையில் பிடித்துக்கொண்டார் தவ்ஃபீக்.

"நைனா, இந்த வயசுல சிங்கம் நீ."

"இன்னாமோ, கடல் ஆத்தா புண்ணியம். கையில தெம்பு கீது" என்றார் தேசப்பன். அன்று அவருக்கு வஞ்சிரம் மாட்டியிருந்தது.

"எத்தினி கிலோ?"

"ரெண்டே முக்கா."

"பரவால்ல. இப்போ வூட்லயா கீது?"

"காலைலயே வித்துட்டேன் மாமு. வச்சிகினா நாறிப்பூடும்."

தவ்ஃபீக்கின் முகத்தை நான் மறக்கமாட்டேன். தேசப்பன் எப்போதும் இப்படி வேடிக்கையாகத்தான் பேசுவார் என்று சொல்லி, கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

இனித் தண்ணீர் விஷயம்.

தேனீப்பெட்டியின் ஸ்டாண்டுக்கு நான்கு கால். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். பெட்டிகள் ஐந்தான பிறகு இருபது கிண்ணம். போதாததற்கு, தேனீக்கள் குடிக்கக் கூழாங்கல் போட்ட அகலமான மண்சட்டி ஒன்று. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும் என்று பயிற்சியிலேயே சொன்னார்கள். ஆனால் தேனீக்கள் புதுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுப் போய்விடும். பாசி வாசனை வந்த பழைய தண்ணீர்தான் அவற்றுக்குப் பிடிக்கும். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொசுப்புழு சாகும், குடிக்க வரும் தேனீயும் சாகும். அதனால் விடவில்லை. என் முழங்காலையும் யோசித்துப் பாருங்கள், இருபது முறை குனிந்து நிமிர வேண்டும்.

"இன்னாயா இது, கிண்ணத்துல நெளிஞ்சிகினு கீது. கொட்டித் தொலை" என்று ஜெயஸ்ரீ பலமுறை சொன்னாள். நாளைக்கு என்றேன்.

எனக்குத் தெரியாது என்று யாரும் பரிந்து பேச வேண்டாம். டெங்குக் கொசு சுத்தமான தேங்கிய நீரில் வளரும், பகலில் கடிக்கும், நூறு மீட்டருக்கு மேல் அதிகம் பறக்காது என்ற துண்டறிக்கை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தார்கள். ஆறு வருடம் தொடர்ந்து நான்தான் அதைத் திருத்தினேன். மனப்பாடம். நான் கொசு வளர்க்கவில்லை, பாய். அவை வளர்ந்தபோது குறுக்கே போகவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் முதலில் தேசப்பன் படுத்தார். அடுத்த வாரம் உங்கள் மருமகள் ஜெரினா. பிறகு வரிசையாக. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் டீக்கடையில் பிளேட்லெட் கேட்டுக்கொண்டிருந்தோம். "தேசப்பன் எவ்ளோ?" "நாப்பதாயிரம்." "ஜெரினா?" "இருவத்தெட்டு." நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தேன் கொண்டுபோனேன். நிலவேம்புக் கஷாயத்தின் கசப்புக்கு அது நன்றாக இருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று தேசப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ மனுசனே இல்ல சார்" என்று அழுதார். அந்த வாக்கியத்தில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

ஒன்பது வீடு, பதின்மூன்று பேர். ஒரு தாளில் தெருவை வரைந்து, காய்ச்சல் வந்த வீடுகளிலிருந்து பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒன்பது கோடும் என் மொட்டை மாடியில் வந்து சேர்ந்தன. ரப்பரால் அழித்துவிட்டேன்.

பதினான்காவது ஜெயஸ்ரீ.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. அன்று மாலையே மாடிக்குப் போய், படுக்கையறை ஜன்னலுக்கு நேர் மேலே இருந்த பெட்டியின் நான்கு கிண்ணத்தையும் கவிழ்த்துவிட்டேன். மண்சட்டியையும் கவிழ்த்தேன். அன்று எனக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. வியாழன் காலையில் அந்தப் பெட்டியில் கறுப்பாக ஒரு கோடு, காலிலிருந்து வாசல் வரை. எறும்பு. உள்ளே புழு அடை இருந்தது, பாய். இன்னும் இறக்கை முளைக்காத குஞ்சுகள். நான்கு கிண்ணத்தையும் நிரப்பினேன். சட்டியையும்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். ஞாயிறு காலை அவள் கண் திறந்து, "தண்ணியக் கொட்டினியா?" என்று கேட்டாள்.

"கொட்டிட்டேன்" என்றேன்.

இதில் பொய் இல்லை. கொட்டினேன் அல்லவா. அவள் என் கையைத் தட்டிக் கொடுத்து, "இப்பயாவது எம்பேச்சக் கேட்டியே" என்றாள். அன்று மாலை போய்விட்டாள். அவள் சொன்னதை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் திருப்தியாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான். முறத்துக்கு முன்னால் அழுததைவிட அதிகமாகவே அவளுக்காக அழுதேன். அங்கம்மாவைக் கேட்டால் சொல்வார்.

எனவே 'டெங்குவை வென்ற' என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். கொண்டுவந்தவன் நான். ஜெயஸ்ரீயைக் கொன்றதும் நான்தான் என்று சில நாள் தோன்றும். ஆனால் 'தேன் வள்ளல்' இருக்கட்டும். அது பொய்யல்ல, நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஐந்து பெட்டியும் இப்போது நன்றாக இருக்கின்றன. ஜன்னலுக்கு மேலே இருந்த அந்தப் பெட்டி இரண்டாகப் பிரிந்து ஆறாகப் போகிறது. அதற்கு அவள் பெயரை எழுதி ஒட்டலாம் என்றிருக்கிறேன். அவள் நினைவாக என்னிடம் இருப்பது இவைதான், இவற்றை விடமுடியாது. நீங்களே யோசித்துப் பார்த்தால் புரியும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம். விழாவுக்குக் கூட்டம் வரும் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை மாலை தெரு முழுக்கப் புகை அடித்துவிடுவதாக நேற்று தவ்ஃபீக் வந்து சொன்னார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெரினாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்களைப் பார்த்தால் வாழ்த்துச் சொல்வார், திகைத்து நிற்காதீர்கள். பெயர் என்ன என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. நல்ல பெயராக நீங்களே ஒன்று சொல்லிவிடுங்கள்.